மழலை பிறக்கும் இடம்

சொல்லுக்கு முதலில் ஙகரம் வரலாகாது என்பது தமிழ் இலக்கணம். தொல்காப்பியர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. நன்னூலார் சற்று இரக்கப்பட்டு, 'அங்ஙனம்', 'இங்ஙனம்' என்று துணையோடு வருவதானால் போனால் போகிறது என்று விட்டார். ஆனால் இந்தச் சட்டத்தை லட்சியமே செய்யாத கூட்டம் ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கிறது. பிறந்து இரண்டு மூன்று மாதம் ஆனதும், மல்லாந்து படுத்தபடி, சுழலும் மின்விசிறியைப் பார்த்து "ங்கா" என்று அது ஆரம்பித்துவிடுகிறது. நாமும் இலக்கணத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "ங்கா சொல்லு, ங்கா சொல்லு" என்று கூடவே பாடுகிறோம். பாலுக்கே 'இங்கா' என்று பெயர் வைத்துவிட்ட வீடுகளும் உண்டு.

ஆறு, ஏழு மாதம் ஆகும்போது 'ங்கா' மெல்லப் பின்வாங்குகிறது. 'பா பா பா', 'மா மா மா', 'தா தா தா' என்ற சங்கிலி தொடங்குகிறது. இரண்டு உதடுகளும் சேர்ந்தால் பகரமும் மகரமும் பிறக்கும் என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. குழந்தைக்கு அதைவிடச் சுலபமான வித்தை வேறு ஏது? உலகத்தில் இத்தனை மொழிகளில் தாய்க்கும் தந்தைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயர் அமைந்தது எப்படி என்று ஆராய்ந்து, ரோமன் யாக்கப்ஸன் என்ற மொழியியல் அறிஞர் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. குழந்தை முதலில் சொல்லும் 'ம்மா' அம்மாவைக் குறித்தது அல்ல. அது வெறும் ஓசை. ஓடி வந்து அதைத் தன் பெயராக எடுத்துக்கொண்டவள் அம்மாதான். அவள் அப்படி எடுத்துக்கொண்டதனாலேயே, ஒரு வயதை ஒட்டி அந்த ஓசைக்குப் பொருளும் வந்து சேருகிறது.

இதெல்லாம் வாயின் காரியம் என்றுதான் நாம் நினைக்கிறோம். 'வாய் திறந்துவிட்டான்', 'நாக்குப் புரள்கிறது' என்றுதானே சொல்கிறோம்? மழலை உண்மையில் பிறக்கும் இடம் வேறு என்பதை எனக்கு உணர்த்தியவர், பம்மலில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பாட்டி.

பம்மல் விமான நிலையத்தை ஒட்டிய ஊர். இராப்பகல் என்றில்லாமல் விமானம் இரையும். அந்த வீட்டுப் பேரனுக்கு எட்டு மாதம். எந்தச் சத்தத்துக்கும் அசையாமல் தூங்குவான். "என்ன சமத்து பாருங்கள்! தலைக்கு மேலே விமானம் போனால்கூட எழுந்திருக்க மாட்டான்" என்று வந்தவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். மூன்றாம் மாதத்தில் அவனும் 'ங்கா' சொன்னவன்தான். சிரிப்பான், முகம் பார்ப்பான். ஆனால் 'பா பா பா' மட்டும் வரவில்லை. இருந்த ஓசையும் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் சமையலறையில் பாட்டியின் கை தவறிப் பித்தளைத் தாம்பாளம் தரையில் விழுந்தது. வீடே அதிர்ந்தது. கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திரும்பவில்லை. பாட்டி தாம்பாளத்தை எடுத்து, வேண்டுமென்றே மறுபடியும் போட்டார். அப்போதும் திரும்பவில்லை.

"டேய், பிள்ளைக்குக் காது கேக்கலைடா" என்றார் அன்று மாலை மகனிடம்.

"நீ சும்மா இரும்மா. நானே மூணு வயசிலேதான் பேசினேன்னு நீதானே சொல்லுவே?"

"நீ பேசலை. ஆனா கூப்பிட்டா திரும்பினே."

இந்த ஒரு வாக்கியத்தில் முழுச் சாஸ்திரமும் அடங்கியிருக்கிறது. ஆனால் உடனே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. உறவினர்கள் கூடிப் பாட்டியைத்தான் சமாதானம் செய்தார்கள். நம் ஊரில் இதற்கென்றே ஒரு கதை தயாராக இருக்கிறது: "குமரகுருபரர் ஐந்து வயது வரை ஊமை. அப்புறம் எப்படிப் பாடினார் பார்த்தீர்களா?"

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை, திருச்செந்தூரில் முருகன் அருளால் வாய் திறந்து 'கந்தர் கலிவெண்பா' பாடினார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. பின்னாளில் மதுரை மீனாட்சிக்கு அவர் பாடிய பிள்ளைத்தமிழ் நாம் அறிந்ததே. கதையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை இன்னொரு முறை நிதானமாகக் கேட்டுப் பார்க்கலாம். வாய் திறந்ததும் வெண்பா வந்தது என்றால், அந்த ஐந்து வருஷமும் தமிழ் உள்ளே போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம் அல்லவா? மூடியிருந்தது வாய்தான், செவி திறந்தே இருந்தது. மேலும், அவருடைய பெற்றோர் 'தானாகப் பேசும்' என்று ஸ்ரீவைகுண்டத்திலேயே உட்கார்ந்திருக்கவில்லை. திருச்செந்தூருக்குப் புறப்பட்டார்கள்.

பாட்டியும் விடவில்லை. பதினோராம் மாதத்தில் பரிசோதனை நடந்தது. குழந்தை தூங்கும்போதே காதில் சிறு கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். முதல் சோதனைக்குச் சில நிமிஷங்கள் போதும். வலி கிடையாது. அதில் சந்தேகம் வந்தால், சத்தத்துக்கு மூளை எழுப்பும் அலையை அளந்து உறுதி செய்கிறார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்த அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

கேளாத குழந்தையும் முதலில் 'ங்கா' சொல்லும் என்பதுதான் எல்லோரையும் ஏமாற்றிவிடுகிறது. அது உடம்பு தானாக எழுப்பும் ஓசை. அடுத்த படியான 'பா பா பா'வுக்கு, தன் குரலையும் பிறர் குரலையும் கேட்டாக வேண்டும். காதின் வேலை கருப்பையிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. பிறந்து சில நாளேயான சிசு மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுகிறது என்பதை 1980ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 1991ல் கனடாவில் லாரா பெட்டிட்டோ என்ற பெண்மணி இன்னும் அதிசயமான ஒன்றைக் கண்டார். காது கேளாத பெற்றோர் சைகை மொழி பேசும் வீட்டில், காது கேளாத சிசு விரல்களால் மழலை பேசுகிறது! மொழி எந்த வழியாகவாவது உள்ளே வரவேண்டும். வந்தால் ஏதாவது ஒரு வழியாக வெளியே வந்துவிடும்.

பம்மல் குழந்தைக்கு முதலில் காதுக் கருவி போட்டுப் பார்த்தார்கள், போதவில்லை. இரண்டு வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளாண்ட் சிகிச்சை நடந்தது. நத்தை ஓடு போலச் சுருண்ட உட்செவிக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, செவி நரம்பை நேராகத் தூண்டும் உபாயம் அது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு அரசுக் காப்பீட்டுத் திட்டத்திலேயே இதைச் செய்கிறார்கள். ஆனால் கருவி வைத்தால் பேச்சு வந்துவிடாது. கேட்கப் பழக்க வேண்டும். மாதக் கணக்கில், வருஷக் கணக்கில். அடையாற்றில் 1969 முதல் இருந்துவரும் பால வித்யாலயா போன்ற பள்ளிகளில், தாய்மாரும் குழந்தையோடு உட்கார்ந்து கற்றுக்கொள்வதைப் பார்க்கலாம்.

கருவியை முடுக்கிய வாரத்தில் விமானம் ஒன்று வீட்டுக்கு மேல் இரைந்துகொண்டு போயிற்று. குழந்தை வீறிட்டு அழுதது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்ட பாட்டி சிரித்துக்கொண்டே அழுதார் என்று கேள்வி.

பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. உறவிலேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் இதை இன்னும் கவனமாக மனத்தில் கொள்ள வேண்டும். தாம்பரம் ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் தாய் ஒருத்தி, "வயது ஒன்றரை ஆகிறது, இன்னும் பேச்சு வரவில்லை" என்று சொன்னால், "எல்லாம் தானா வரும்மா" என்று நமக்குச் சட்டென்று சொல்லத் தோன்றும். நல்ல மனத்தோடுதான் சொல்வோம். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "கூப்பிட்டால் திரும்புகிறதா?"