குறைமாதக் குழந்தையின் கண்ணும் எடைக் கணக்கும்

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைக் கெடுக்கும் ஆர்.ஓ.பி. பற்றி இளம் மருத்துவர்களிடம் கேட்டால், ஆபத்துக் காரணிகளை மளமளவென்று ஒப்பிப்பார்கள்: கர்ப்ப வாரம், பிறப்பு எடை, ஆக்ஸிஜன், ரத்தத் தொற்று, ரத்தம் ஏற்றியது, எடை ஏறாதது. பட்டியலில் பிழையில்லை. ஆனால் எந்தக் குழந்தையும் விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதிய பட்டியலை, எந்தக் குழந்தையைப் பார்க்காமல் விடலாம் என்று முடிவெடுக்கக் கையில் எடுக்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1,500 கிராமைத் தாண்டிவிட்டது, 30 வாரமும் ஆகிவிட்டது, எனவே கண் பார்க்க வேண்டாம் என்கிறார்கள். அது அமெரிக்க எல்லை. அங்கேகூட, உடல்நிலை தடுமாறிய பெரிய குழந்தைகளையும் பார்க்கச் சொல்கிறார்கள். 2,000 கிராமுக்குக் கீழே அல்லது 34 வாரத்துக்கு முன்னே பிறந்த எல்லோரையும் பார்க்க வேண்டும் என்கிறது இந்திய வழிகாட்டுதல். சிக்கல் இருந்தால் 36 வாரம் வரைக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? ஆக்ஸிஜனின் கதை தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1942-இல் பாஸ்டனில் கண் மருத்துவர் டெரி இந்நோயை விவரித்தார். 1951-இல் மெல்போர்னில் குழந்தை மருத்துவர் கேட் கேம்பெல் ஆக்ஸிஜன்மீது சந்தேகம் எழுப்பினார். 1953-54-இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிசெய்தது. உடனே எல்லோரும் ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடித்தார்கள். குருடு குறைந்தது, சாவு கூடியது. காப்பாற்றிய ஒவ்வொரு பார்வைக்கும் சுமார் 16 உயிர்கள் போயிருக்கலாம் என்று 1973-இல் லான்செட்டில் ஒரு மதிப்பீடு வந்தது. 2010-இல் வந்த சப்போர்ட் ஆய்விலும் ரத்த ஆக்ஸிஜனை 85-89 சதவீதச் செறிவில் வைத்த குழந்தைகளுக்குக் கடுமையான ஆர்.ஓ.பி. குறைவு, இறந்தவர்கள் அதிகம். ஆகவே அதிகம் கொடுத்தால் கண், குறைத்தால் உயிர். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் 16-ஆவது வாரம் வாக்கில் நரம்பு வட்டிலிருந்து புறப்பட்டு, நெற்றிப்பொட்டுப் பக்க விளிம்பை எட்டும்போது கர்ப்பத்தின் ஏறக்குறைய பத்தாம் மாதம் ஆகிவிடும். நடுவில் வெளியே வந்த குழந்தைக்கு மிகை ஆக்ஸிஜன் கிடைத்தால் அவை வளராமல் நின்றுபோகின்றன. பிறகு பசித்த விழித்திரை ரத்தக் குழாய் வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப்.-ஐச் சுரந்து, தாறுமாறான குழாய்களை வரவழைக்கிறது. ஆக்ஸிஜனோடு காற்றைக் கலக்கும் பிளெண்டர் இல்லாமல், சிலிண்டரிலிருந்து நேரடியாக நூறு சதவீத ஆக்ஸிஜன் போகும் இடத்தில் 1,700 கிராம் குழந்தைக்கும் இது நேரும். எடை மட்டும் பார்த்தால் அந்தக் குழந்தை கண்ணில் படாது.

பரிசோதனையே குழந்தையைப் படுத்துகிறது, மூச்சு நின்றுபோகிறது, இதயத் துடிப்பு இறங்குகிறது என்பது நியாயமான ஆட்சேபணை. அதற்கு மருந்து, பழகிய கை. மரப்புச் சொட்டு போட்டு, செவிலியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுருக்கமாக முடிக்க வேண்டும்; பரிசோதனையையே தவிர்ப்பது தீர்வாகாது. எடை ஏற்றத்தை வைத்துக் கணிக்கும் வின்ரோப் போன்ற கணக்குகள் இருக்கின்றனவே என்பார்கள். ஸ்வீடனில் 32 வாரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்காக உருவானது அது. நம் பெரிய குழந்தைகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவையும் நான் மதிக்கிறேன். கர்நாடகத்தில் 2008 முதல் கிட்ராப் திட்டம் அதைக் கிராமங்களுக்கே கொண்டுபோனது பெரிய சாதனை. ஆனால் படம் மங்கலாக வரும்போது, ஓர விழித்திரை படத்துக்குள் அடங்காதபோது, தலையில் இன்டைரக்ட் ஆஃப்தால்மாஸ்கோப்பை மாட்டி 20டி லென்ஸைப் பிடித்து, டிப்ரஸரால் அழுத்திப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். அதைக் கற்கும் பொறுமை குறைந்துவருவது எனக்குப் பெரும் வருத்தம்.

நாட்களும் கைவசம் இல்லை. முதல் பரிசோதனை 30 நாளுக்குள் முடிய வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. சிகிச்சை தேவைப்படும் டைப் ஒன்று ஆர்.ஓ.பி. என்று தெரிந்தால் லேசரோ ஊசியோ 72 மணி நேரத்துக்குள். 1996-இல் சென்னையில் 29 வாரத்தில் பிறந்த பெண் குழந்தையின் கண்ணை யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை. பார்வை போனது. 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. அதன் பிறகும் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கண் பரிசோதனை தேவைப்பட்டால்' என்று எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையா என்று தாய் எப்படி முடிவெடுப்பாள்? எந்தத் தேதியில், எந்த மருத்துவமனையில், தவறினால் என்ன ஆகும் என்பதை அவளுக்குப் புரியும் தமிழில் எழுதிக் கொடுத்து, அந்தத் தேதியில் வராவிட்டால் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும்.