ஐம்பதாயிரம் ரூபாய் அம்மி

கையில் ஐம்பதாயிரம் ரூபாய் சீட்டுப் பணம் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு மிக்ஸி வாங்கலாமா, கூடாதா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு குடித்தனக்காரி ஒருத்தி மூன்று வாரம் தூக்கம் கெட்டாள் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள், சிரித்து முடித்த பிறகு மேலே படியுங்கள். ஏனென்றால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு உங்கள் வீட்டு வாசலிலும் இந்தக் கேள்வி வந்து நிற்கத்தான் போகிறது.

"ஐம்பதாயிரத்துக்கு மிக்ஸி உண்டா?" என்பீர்கள். உண்டு. ஆனால் அதை மிக்ஸி என்று அழைத்தால் அதற்குக் கௌரவக் குறைச்சல். பிளெண்டர் என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1921-ல் தொடங்கிய வைடமிக்ஸ் என்ற கம்பெனியின் சரக்கு இதில் பிரசித்தம். இரண்டு லிட்டர் பிடிக்கும் உயரமான ஜாடி. அடியில் ஏறக்குறைய இரண்டு குதிரை பலமுள்ள மோட்டார். பிளேடு நம் ஊர் மிக்ஸி பிளேடு போலக் கூராகக் கூட இராதாம்; மழுங்கலாகவே இருக்குமாம். வேகத்தாலேயே அடித்து நொறுக்கிவிடுகிறது. ஐந்தாறு நிமிஷம் விடாமல் ஓடவிட்டால், உராய்வினாலேயே உள்ளே இருக்கும் சூப் கொதிக்கக் கொதிக்கச் சூடாகிவிடும். அடுப்பே வேண்டாம்! விலை, மாடலைப் பொறுத்து நாற்பதாயிரம், ஐம்பதாயிரம், அதற்கு மேலும்.

இதெல்லாம் என் மூளையில் உதித்த யோசனை அல்ல. அமெரிக்காவில் இருக்கும் என் மகள் ஏற்றி வைத்தது. அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. காரணம், அவளுடைய அப்பத்தா. அதாவது என் மாமியார்.

அத்தைக்கு எண்பத்தோரு வயது. ராசிபுரத்துப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சேலம் அம்மாபேட்டைக்கு வாழ வந்தவர். அந்தக் காலத்தில் தினம் ஆட்டுக்கல்லில் ஆட்டி, அம்மியில் அரைத்து, உரலில் குத்திய கை. போன ஐப்பசியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் விழுங்குவது சிரமமாகிவிட்டது. ஒரு பருக்கை தொண்டையில் தங்கினால் இருமல். புரையேறினால் கண் செருகிவிடுகிறது. உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும் என்று டாக்டர் எச்சரித்தார். ஆகையால் எல்லாவற்றையும் நைஸாக அரைத்து, கட்டியோ திப்பியோ இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. ஒரு மாதத்தில் அத்தை நாலு கிலோ இளைத்துவிட்டார்.

"அம்மா, கணக்குப் பார்க்காதே, நல்ல பிளெண்டர் ஒன்று வாங்கிவிடு. நானே பணம் அனுப்புகிறேன்" என்று போனில் மகள் அழுதாள். அவளுக்கு அங்கே வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது. அவளிடம் கை நீட்டுவதற்கில்லை. என் சீட்டுப் பணமோ, அத்தைக்கு உடற்பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோதெரபிக்காரருக்கென்று ஒதுக்கியது. ஒரு தடவை வந்து போனால் ஐந்நூறு ரூபாய். நூறு தடவைக்கு ஆகும். பிளெண்டரா, நூறு நாள் நடைப் பயிற்சியா? இதுதான், சகோதரிகளே, என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

அத்தையிடமே கேட்டேன். பேச்சு குழறினாலும் புத்தியில் ஒரு மாற்றமும் இல்லை. "அம்பதாயிரமா? ஏன் அம்மிணி, அந்தப் பணத்துக்கு ஒரு எருமை வாங்கினா பாலாவது கறக்குமே!" என்றார்.

எருமையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் எது எது எங்கே அரைபடுகிறது என்று எழுதினேன். நீங்களும் எழுதிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். இட்லி மாவு கிரைண்டரில். மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள், ராகி மாவு எல்லாம் தெருக்கோடி மாவு மில்லில். மிச்சம் மிக்ஸிக்கு என்ன இருக்கிறது? தேங்காய், சட்னி, நிலக்கடலைச் சட்னி, குழம்புக்கு மசாலா, கொள்ளுத் துவையல். இதில் கொள்ளுத் துவையலை நைஸாக அரைத்தால் எங்கள் வீட்டு ஆண்கள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். அது கொரகொரப்பாக இருந்தால்தான் துவையல். தட்டுவடை செட்டுக்குச் சேலத்துக் கடைகளில் தடவுகிற சிவப்புச் சட்னிக்கும் பச்சைச் சட்னிக்கும் கூட இரண்டு குதிரை தேவைப்படுவதில்லை.

குதிரை பலம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு குதிரை பலம் என்பது 746 வாட். ஆகவே நம் சாதாரண 750 வாட் மிக்ஸி இழுக்கிற கரண்டும் ஏறக்குறைய ஒரு குதிரைக் கணக்குத்தான். இதைத் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போர்வெல் லாரிகளை நாடு முழுக்க அனுப்புகிற ஊர், மோட்டார் பேச்சு தாய்ப்பாலோடு வந்தது. கரண்டுச் செலவைப் பற்றியும் கவலை வேண்டாம். 750 வாட் மிக்ஸியைத் தினம் பத்து நிமிஷம் ஓட்டினால் எட்டில் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்கிற நம் ராஜ்யத்தில் அது ஒரு பொருட்டா?

மகள் இன்னொரு யோசனையும் சொன்னாள். அங்கே தள்ளுபடியில் வாங்கி, வருகிறவர்கள் யாரிடமாவது பெட்டியில் கொடுத்தனுப்புகிறாளாம். நல்லவேளை, என் வீட்டுக்காரர் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "அங்கே 120 வோல்ட், இங்கே 230. அப்படியே சொருகினால் புகைதான் வரும். நடுவிலே டிரான்ஸ்பார்மர் வைக்கணும், அத்தனை பெரிய மோட்டாருக்கு வைக்கிற டிரான்ஸ்பார்மரைத் தூக்க ஒரு ஆள் வேணும்" என்றார். நம் ஊர்ப் பெண்கள் அமெரிக்கா போகும்போது நம் மிக்ஸிக் கம்பெனிகள் 110 வோல்ட்டில் செய்து விற்பதை வாங்கிப் போகிறார்களே, அதுவும் இதே காரணத்தால்தான்.

இந்த மிக்ஸியின் கதையே சுவாரஸ்யமானது. சத்யபிரகாஷ் மாத்தூர் என்று பம்பாயில் ஓர் எஞ்சினீயர். சீமென்ஸ் கம்பெனியில் வேலை. அவர் மனைவி மாதுரி மாத்தூரிடம் பிரவுன் கம்பெனியின் ஜெர்மன் மிக்ஸி ஒன்று இருந்தது. நம் சமையலின் பாட்டுக்கு அது தாங்கவில்லை; மோட்டார் போய்விட்டது. இங்கே பழுது பார்ப்பாரும் இல்லை. 'நம் ஊர்ச் சமையலுக்கு நீங்களே ஒன்று செய்யுங்களேன்' என்ற அம்மாளின் விருப்பத்திலிருந்து பிறந்ததுதான் 1963-ல் ஆரம்பமான சுமீத். தண்ணீர் அதிகம் விடாமல் தேங்காயும் மிளகாயும் அரைபட வேண்டும், ஊறிய பருப்பு அரைபட வேண்டும், உலர்ந்த மல்லியும் பொடியாக வேண்டும். இந்த நிபந்தனைகளுக்காகவே உருவான யந்திரம் அது. கோயமுத்தூரில் 1955-ல் சபாபதி என்பவர் கண்டுபிடித்த கிரைண்டர் மாவைப் பார்த்துக்கொண்டது. மிக்ஸி மசாலாவைப் பார்த்துக்கொண்டது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, குடிசையில் கூட அம்மி கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டது. இப்போது துணி துவைக்கிற கல்லுக்குத் துணையாகக் கிடக்கிறது, பாவம்.

சரி, சொந்தக் கண்ணால் பார்க்காமல் ஒன்றை ஒதுக்குவது நியாயமல்ல. ஃபேர்லேண்ட்ஸில் எங்களுக்குத் தெரிந்த வீட்டில் அப்படி ஒரு பிளெண்டர் இருக்கிறது. அந்த அம்மாள் நல்ல மனசுக்காரி. "கொண்டுவந்து அரைத்துப் பாருங்கள்" என்றாள். அத்தையின் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு போனேன்: குழைந்த சாதம், பாசிப்பருப்பு, பீன்ஸ், காரட், எல்லாம் சேர்ந்து ஒரு கிண்ணம்.

யந்திரம் பிரமாதம்தான், சந்தேகமில்லை. ஆனால் நடந்தது என்ன? அந்தப் பெரிய ஜாடிக்குள் ஒரு கிண்ணம் சாப்பாடு எந்த மூலைக்கு? பிளேடு சுழன்றது; சாப்பாடு சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. வழித்துவிட்டு மறுபடி ஓட்டினோம், மறுபடி சுவர். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டதும் சுழல் விழுந்தது. ஆகா, என்ன நைஸ்! பீன்ஸ் நார் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அந்த அம்மாள் ஆறு பேருக்குப் பூசணிக்காய் சூப்பும் பாதாம் பாலும் செய்வதையும் காட்டினாள். வெண்ணெய் கெட்டது போங்கள். தினம் லிட்டர் கணக்கில் இப்படிச் செய்கிற வீட்டுக்கும், ஜூஸ் கடைக்கும், ஹோட்டலுக்கும் அது கொடுத்த காசுக்கு உழைக்கும் என்பது என் அபிப்பிராயம். சில மாடல்களுக்குப் பத்து வருஷம் உத்தரவாதம் கூட உண்டு.

அரைத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று விழுங்கும் பயிற்சி கொடுக்கிற பெண் வந்திருந்தாள். ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்தாள். நூலாக ஒழுகியது. "மாமி, நைஸா இருக்கு. ஆனா பாட்டிக்கு இது ஆகாது. கரண்டியிலே எடுத்தா நிக்கணும். சாய்ச்சா ஒரே உருண்டையா விழணும். கரண்டியிலே ஒட்டவும் கூடாது. இவ்வளவு தண்ணியா இருந்தா சட்டுனு தொண்டைக்குள்ளே ஓடிப் புரையேறும்" என்றாள்.

எனக்குக் கண் திறந்தது. நைஸ் வேறு, பதம் வேறு. அத்தைக்கு வேண்டியது இரண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் யந்திரம் நைஸைக் கொடுக்கும். ஒரே ஆளுக்கு ஒரு கிண்ணம் என்றால் பதத்தைத் தண்ணீரில் கரைத்துவிடும். அதற்கென்று சின்ன ஜாடி தனியாக விற்கிறார்கள். அதற்குத் தனி விலை! மொத்தமாக அரைத்து ஃபிரிஜ்ஜில் வைத்துச் சூடு பண்ணிக் கொடுக்கலாம் என்று மகள் சொன்னாள். படுத்திருக்கிறவருக்கு நேற்றைய சாப்பாடு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதை நியாயம் என்று வாதாட மாட்டேன். என் சுபாவம் அப்படி.

எங்கள் பழைய மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். அதற்கு வயது ஒன்பது. ரிப்பேர்க்காரர் கவிழ்த்துப் பார்த்தார். "மோட்டார் நல்லாத்தான் இருக்குதுங்க அக்கா. பிளேடு தேஞ்சிருச்சு, புஷ் ஆடுது, கப்ளர் பல்லு போயிருச்சு. அப்புறம் எப்படி நைஸா அரைக்கும்?" அரை மணி நேரத்தில் மூன்றும் மாற்றி, கார்பனையும் பார்த்துக் கொடுத்தார். 450 ரூபாய். 400 மில்லி பிடிக்கிற புதுச் சட்னி ஜார் ஒன்று 600. கண் நெருக்கமான எவர்சில்வர் வடிகட்டி 180. ஆக 1,230 ரூபாய்.

அரைக்கிற விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். காய்கறியைக் குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக வேக வையுங்கள். ஆறவிட்ட பிறகே ஜாரில் போடுங்கள். ஆவி பறக்கிறதை மூடி ஓட்டினால் மூடி கூரைக்குப் போகும். முதலில் தண்ணீரே விடாமல் அரை நிமிஷம். வழித்துவிட்டு, பிறகு கரண்டி கரண்டியாகப் பருப்புத் தண்ணீர். பீன்ஸ், முருங்கைக்கீரை போன்ற நார்ச் சமாசாரத்தை மட்டும் வடிகட்டியில் தேய்த்து எடுக்கிறேன். எல்லாவற்றையும் வடிகட்டினால் சத்தில் பாதி வடிகட்டியிலேயே நின்றுவிடும். முதல் மாதம் அத்தை இளைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அந்தப் பெண் சொன்னாள். ஆகவே நாரில்லாத காயாகப் பார்த்து வாங்குகிறேன்: பூசணி, சுரைக்காய், காரட். சாதத்தை அதிக நேரம் ஓட்டக் கூடாது. பசையாகித் தொண்டையில் ஒட்டும். நாமக்கல் முட்டை ஒன்றை வேகவைத்துப் பருப்போடு சேர்த்து அரைத்தால் வெண்ணெயாக வருகிறது. ராகியை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்துக் காய்ச்சுகிறேன். குழந்தைகளுக்குக் கொடுக்கிற அதே கூழ்தான். ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்தில் இருந்துகொண்டு ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் கொடுப்பதற்கில்லை. மணியும் ஆகாது, அதன் பசையும் ஆகாது என்று தடை. ஒவ்வொருவர் தொண்டையும் ஒவ்வொரு விதம். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், என் பேச்சை நம்பி இறங்காமல், நிபுணரை ஒரு தரம் வரவழைத்துப் பதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மகளிடம் கணக்கைச் சொன்னேன். சிறிது நேரம் மௌனம். "அப்பத்தா எடை?" என்றாள். இறங்கிய நாலு கிலோவில் ஒன்றரை கிலோ திரும்பி வந்திருந்தது. சொன்னதும்தான் அவளுக்குக் குரலே வந்தது.

பிசியோதெரபிக்காரர் இதுவரை முப்பத்தேழு தடவை வந்திருக்கிறார். அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை வருகிறார். நேற்று மிக்ஸி சத்தம் கேட்டு, "அம்மிணி, கொள்ளா அரைக்கிறே?" என்று ஆசையோடு கேட்டார். காரட்தான். கொள்ளைப் பற்றி அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அரைப்படி வாங்கி, கல் பொறுக்கி, டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.