உம் கொட்ட ஓர் ஆள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். மூன்றாம் வகுப்புவரை படித்தவள் அவள். பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிப்பாள். பீடிக் கடையில் தரும் பாஸ்புக்கில் தன் கணக்குச் சரியாக ஏறியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பாள். அதற்கு மேல் போனால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடிவிடுகின்றனவாம்! ஆகவே எங்கள் வீட்டில் புத்தகம் என்றால், நான் வாய்விட்டுப் படிப்பதுதான் புத்தகம்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை இரவு எட்டு மணிக்கு மேல், மடியில் சொளகை வைத்துக்கொண்டு அம்மா பீடி சுற்றுவாள். எதிரே அமர்ந்து நான் படிப்பேன். எந்தப் பாடமானாலும் சரி, அம்மா உம் கொட்டுவாள். பானிப்பட்டுப் போருக்கும் 'உம்', ஒளிச்சேர்க்கைக்கும் 'உம்'. பிடித்துவிட்டால் அந்த 'உம்' நீளும், பிடிக்காவிட்டால் சுருங்கும். புரியாமல் நான் ஓட்டுகிற இடத்தையும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள். "இந்தா, இப்ப என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு" என்பாள். திருப்பிச் சொல்லும்போதுதான் எனக்கே விளங்கும்.

கல்லூரிக்கு வந்ததும் அது நின்றுபோயிற்று. பாடநூல்கள் ஆங்கிலத்தில். முதற் பருவத்தில் ஒருநாள் பழக்க தோஷத்தால் வாய்விட்டுப் படித்தேன். அம்மா சற்று நேரம் என் முகத்தையே பார்த்தாள். உம் கொட்டவில்லை. "நீ மனசுக்குள்ளயே படிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுத்தாள். அன்று முதல் நான் மனத்துக்குள் படித்தேன். அவள் பேசாமல் சுற்றினாள். ஓர் அறையில் இரண்டு பேர். சுவர்க்கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் தோழி ஒருத்தி ஒலிநூல் செயலி ஒன்றைப் பற்றிச் சொன்னாள். காதால் படிக்கலாம், ஏழு நாள் இலவசம் என்றாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் 1,000 ரூபாயைச் சேர்த்து வாங்கிய கைபேசி என்னிடம் இருந்தது. இறக்கினேன். திறந்தவுடன், விரைவில் செல்வந்தர் ஆவது எப்படி என்று சொல்லித்தரப் பலர் வரிசையாகக் காத்திருந்தார்கள். அவர்களுள் ஒருவரும் பீடி சுற்றியவராகத் தெரியவில்லை. எல்லாரையும் கடந்து போனபின் 'பொன்னியின் செல்வன்' கிடைத்தது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடர்கதையாக வந்த அந்த ஐந்து பாகங்களையும் யாரோ ஒருவர் பொறுமையாகப் படித்திருந்தார். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆகிவிட்டன. கதை நம் எல்லாருக்கும் சொந்தம், குரலுக்குத்தான் வாடகை.

இலவச நாட்கள் ஏழு, பாகங்கள் ஐந்து! கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேகத்தை ஒன்றரை மடங்காக வைத்து, கைபேசியை எவர்சில்வர் செம்புக்குள் நிறுத்தினேன். (ஒலி பெருகும் என்று செய்தது, இயற்பியல் மாணவி அல்லவா?) பழைய டேப் ரிக்கார்டரில் நாடாவை வேகமாக ஓடவிட்டால் அதிர்வெண் உயர்ந்து, ஆண்குரல் அணிற்குரல் ஆகிவிடும். செயலியில் அப்படி ஆவதில்லை. ஒலியை நொடியில் நூற்றிலொரு பங்கு, இரண்டு பங்கு என்று சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி நெருக்கி ஒட்டிவிடுகிறார்கள். நேரம் குறைகிறது, சுருதி மாறுவதில்லை. இந்த விந்தையை நான் வியந்துகொண்டிருக்கையில் அம்மா கேட்டாள்:

"அவனுக்கு என்ன, பஸ்ஸு போயிருமா?"

வேகத்தைக் குறைத்தேன். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரைமேல் வந்தியத்தேவன். ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய்கள் என்று கேட்டதும் அம்மாவின் கை நின்றது. "எழுபத்து நாலு மடையா? நம்ம குளத்துக்கு மூணு. அதுல ரெண்டு தூந்து கெடக்கு. நான் சின்னப் புள்ளயா இருக்கையில…" என்று தொடங்கினாள். அதற்குள் வந்தியத்தேவன் எங்கோ போய்விட்டான்.

"ஏட்டி, அவன நிக்கச் சொல்லு! நான் பேசிக்கிட்டு இருக்கேன்லா, அவம் பாட்டுக்குப் போறான்."

நிறுத்தும் பொத்தானைக் காட்டிக் கொடுத்தேன். விரல்களெல்லாம் புகையிலைத் தூள். கண்ணாடியில் படக்கூடாது என்று சுண்டுவிரல் முட்டியால் குத்தப் பார்த்தாள். ஒரு தடவை நின்றது. மறு தடவை வேறு எதுவோ பாடத் தொடங்கியது. மூன்றாம் இரவு அவள் தன்னை மறந்து ஓரிடத்தில் 'உம்' என்றாள். சொன்னவள் செம்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இருவரும் சிரித்துவிட்டோம். எனக்கு மட்டும் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

கை வேலையாய் இருப்பவருக்குக் கதை படிப்பது புதிய வழக்கம் அன்று என்பதைப் பிறகு அறிந்தேன். கியூபாவின் ஹவானா நகரில் 1865ஆம் ஆண்டிலேயே சுருட்டுத் தொழிற்சாலைகளில் உயர்ந்த இருக்கையில் ஒருவர் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் படித்திருக்கிறார். அவருக்குக் கூலி கொடுத்தவர்கள் சுருட்டுச் சுற்றிய தொழிலாளர்களே. நமக்கு அருகில் கண்ணூரிலும் பீடித் தொழிலாளர்களிடம் இந்த வழக்கம் இருந்தது. ஒருவர் நாளிதழ் படிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அது பத்துப் பேரு ஒண்ணா இருக்குத எடம். நாங்க ஆளுக்கொரு திண்ணையிலல்லா இருக்கோம்" என்றாள்.

ஏழாம் நாள் வந்தது. முதற் பாகம்கூட முடியவில்லை. இரவுக்குள் நிறுத்தாவிட்டால் ஓராண்டுச் சந்தாவை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அம்மாவின் மூன்று நாள் உழைப்பு அது. சேரும் பொத்தானை நெற்றியில் ஒட்டியவர்கள் நீங்கும் பொத்தானை எங்கே ஒளித்தார்களோ, தேடி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. படித்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். 'ழ'கரம் சில இடங்களில் அவருக்கு வழுக்கியது, அவ்வளவுதான்.

எட்டாம் நாள் கல்லூரி நூலகத்திலிருந்து முதற் பாகத்தை எடுத்து வந்தேன். அட்டை கிழிந்து, நூலால் தைத்த பிரதி. வாய்விட்டுப் படித்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாம் பக்கத்திலேயே அம்மா கையை உயர்த்தினாள்.

"பரீச்சைக்குப் படிக்கத விட்டுட்டு எனக்குக் கதை படிக்காதே. மொதல்ல ஒம் பாடத்தச் சொல்லு. இங்கிலீசு வேண்டாம், சும்மா சொல்லு."

சொன்னேன். வெப்பம் தானாகவே குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குப் போகாது, இது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்றேன்.

"அது எனக்கே தெரியும். எதுக்குப் போவாதுன்னு சொல்லு."

எனக்குத் தெரியவில்லை! அந்த விதியை எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மறுநாள் துறைக்குப் போய்ப் பேராசிரியரிடம் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்துப் போனேன். அவர் கரும்பலகையை இரண்டு முறை அழித்து எழுதினார். மணி அடித்துவிட்டது, அடுத்த வகுப்பு மாணவர்கள் வாசலில் நின்றார்கள்.

அன்றிரவு ஒரு கட்டுப் பீடியை எடுத்து நூலை அவிழ்த்தேன். இருபத்தைந்தும் ஒரே பக்கமாகத் தலைவைத்து அடுக்காக இருந்தன.

"அம்மா, இது அடுக்கா இருக்க ஒரே வழிதான். தாறுமாறாக் கெடக்க லட்சம் வழி. இதச் சொளகுல போட்டுக் குலுக்குனா…"

"குலுக்காதே, முனை பிரிஞ்சிரும்" என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு கைவேலையைப் பார்த்தபடியே, "உம், சொல்லு" என்றாள்.