ஒரு செம்பு நீர்

நம் இளமையில், தோட்டத்து லயத்திலே, நம் பாட்டியார் இரவுதோறும் தவறாது ஒரு செயல் செய்துவந்தார். படுக்கச் செல்லுமுன் ஒரு செம்பு நிறைய நீர் முகந்து வாசற்படியருகே மூடி வைப்பார். 1943-ஆம் ஆண்டில் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் கொண்டு சென்ற நம் பாட்டனார் திரும்பவேயில்லை. “வந்தால் தாகத்தோடு வருவாரே” என்பதே பாட்டியார் கூறிய காரணம். பகுத்தறிவு நூல்களைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியிருந்த நாம், “இஃது என்ன மூடவழக்கம்!” என்று நகைத்தோம். அவர் மறுமொழி கூறினாரல்லர். மறுநாளும் செம்பை வைத்தார்.

பல்லாண்டுகள் கழித்து, ஹாரா தாமிகி என்னும் ஜப்பானியர் எழுதிய ‘கோடை மலர்கள்’ என்ற கதையைப் படிக்க நேர்ந்தது. அதனைத் தொடவும் நம் கை தயங்கிற்று என்பதை மறைப்பானேன்? பாட்டனாரைக் கொண்டு சென்றது அந்நாட்டுப் படையன்றோ!

ஹாரா, 1944-இல் மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர். 1945 ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது அந்நகரிலேயே இருந்து உயிர் தப்பியவர். கதைக்கு அவர் முதலில் இட்ட பெயர் ‘அணுகுண்டு’ என்பது. அமெரிக்க ஆட்சியின் தணிக்கைக்கு அஞ்சிப் பெயர் மாற்றப்பெற்று, 1947-இல் அது வெளிவந்தது.

ஆனால் மலர் வெறும் மறைப்பன்று. குண்டு வீழ்வதற்கு இரு நாள் முன்னர், மனைவியின் கல்லறைக்குப் பூ வாங்குவதிலேதான் கதை தொடங்குகிறது. பெயரறியாத சிறு மஞ்சட் பூக்கள். கல்லின்மீது நீர் வார்த்து, பூ வைத்து வருகிறார். பின்னர் ஆற்றங்கரையெங்கும் வெந்த உடல்கள். குற்றுயிராய்க் கிடப்போர் கேட்பது நீர் ஒன்றே. முடிவில் ஒருவன் பிணங்களின் முகங்களைத் திருப்பித் திருப்பித் தன் மனைவியைத் தேடுகிறான். காணாது, அவள் பணிபுரிந்த பள்ளியின் சாம்பலுக்கே மீள்கிறான். முன்னவள் பெற்ற பூவையும் நீரையும் எண்ணும்போதுதான், இவளுக்கு அவையும் இல்லாமற்போன கொடுமை நமக்கு விளங்குகிறது.

இவ்வடையாளங்களை ஹாரா அணியாகத் தேடிச் சேர்த்தாரல்லர். வாங்கிய பூவும் கேட்ட குரலுமே அவை. மாண்டோரின் தொகையைக் கேட்டு மலைக்கலாம், அழ முடியாது. ஒரு கைப்பிடிப் பூவைக் கண்டு அழலாம்.

ஜப்பானியப் படையின் குற்றம் இதனாற் குறைந்துவிடாது. ஆயினும், நீர் கேட்டு மாண்ட சிறுவர் அப்படையினரல்லர்.

அந்நூலை மூடியபோது நம் பாட்டியாரே கண்முன் நின்றார். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையிலே பசியாலும் வாந்திபேதியாலும் மாண்ட பல்லாயிரம் தமிழருள் ஒருவர் அவர் கணவர். நீர் வார்க்க அவருக்கு ஒரு கல்லும் இல்லை. அதனாலேயே வாசற்படியில் செம்பு வைத்தார். எழுதத் தெரியாத அவர், ஹாரா எழுதியதையே ஒவ்வோர் இரவும் செய்தார். மூடவழக்கம் என்று நாம் தள்ளியது, படிக்கத் தெரியாமல் நாம் விட்ட ஏடு.

மன்னிப்புக் கேட்க அவர் இன்றில்லை. செம்பு மட்டும் நம்மிடம் உளது. வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் அத்தகைய பொருள் ஒன்று இருக்கக்கூடும். அது யாருடையது, ஏன் எறியப்படாமல் இருக்கிறது என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர்.