தேங்காய்க் களத்துல யோகா

எங்க வீட்டுக்குப் பின்னால கொப்பரை காயப் போடுற சிமெண்ட் களம் ஒண்ணு இருக்கு. இருபதுக்கு முப்பது அடி. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியக்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்க பேராவூரணிப் பக்கத்தையும் மிதிச்சிட்டுப் போனதுக்கு அப்புறம், அந்தக் களத்துல காயப் போட ஒரு தேங்காய் இல்லை. எனக்கு இருந்தது 96 மரம். காலையில எண்ணிப் பார்த்தா நின்னது 15. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் கொடுத்தது. வாங்கிக்கிட்டோம். ஆனா தாத்தா வெச்ச மரத்தை ரம்பத்தால அறுக்கிறப்போ வர்ற சத்தம் இருக்கே, அதுக்கு யாரும் காசு கொடுக்க முடியாது.

தை மாசம் வரைக்கும் நான் ஒழுங்காத் தூங்கல. ராத்திரி காத்து கொஞ்சம் பலமா அடிச்சாலே எழுந்து உட்கார்ந்துடுவேன். மரம் இழுத்துப் போட்டதுல இடுப்பும் போச்சு. சென்னையில வேலை பார்க்கிற மக வந்து, இடுப்புக்குன்னு சொல்லி ஒரு யோகா சிகிச்சை மையத்துக்குக் கூட்டிட்டுப் போனா. மைசூர்லயும் பிறகு சென்னையிலயும் சொல்லிக்கொடுத்த கிருஷ்ணமாச்சாரியார் வழின்னாங்க. டிவியில காட்டுற மாதிரி தலைகீழா நிக்கச் சொல்வாங்கன்னு பயந்துக்கிட்டே போனேன். அப்படி ஒண்ணும் இல்லை. டீச்சர் அம்மா முதல் நாள் முக்கால் மணி நேரம் பேச மட்டும்தான் விட்டாங்க. பிறகு நாற்காலியில உட்கார வெச்சு, மூச்சை இழுத்துக்கிட்டே கையைத் தூக்கு, விட்டுக்கிட்டே இறக்கு, அவ்வளவுதான். இழுக்கிறது நாலு எண்ணிக்கை, விடுறது ஆறு. விடுற மூச்சு நீளமா இருந்தா நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். மணிக்கட்டுல விரலை வெச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரியும். ரெண்டு மாசம் போய் வந்தேன். இடுப்பு முக்கால்வாசி சரியாச்சு. தூக்கம் முழுசாவே வந்துச்சு.

ஊருக்கு வந்து திண்ணையில நான் செய்யறதைப் பார்த்துட்டு ஒவ்வொருத்தரா கேட்க ஆரம்பிச்சாங்க. டீச்சர்கிட்ட போன் போட்டுக் கேட்டேன். "அஞ்சே அஞ்சு பயிற்சி சொல்றேன் சார், அதுக்கு மேல போகாதீங்க. எட்டுப் பேருக்கு மேல சேர்க்காதீங்க. பிரஷர் இருக்கறவங்களுக்கு வேகமா மூச்சு விடுற எதையும் சொல்லிக் கொடுக்காதீங்க" என்றார். நான் பத்தாவது படிச்சவன். யோகா ஆசிரியர் இல்லை. இதை அன்னைக்கும் எல்லார்கிட்டயும் சொன்னேன், இப்பவும் சொல்றேன்.

2019 ஆடியில ஆரம்பிச்சோம். ஏழு பேர். நீங்க நகரத்துல மேட் விரிப்பீங்க, எங்களுக்கு உரச்சாக்கு. பொம்பளைங்க நாலு பேருக்கும் புடவையோட கீழ உட்கார்ந்து எழ முடியாதுன்னு பந்தல்காரர்கிட்ட நாலு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டேன். நேரம்தான் பெரிய வில்லங்கம். காலையில பால் சொசைட்டி, மோட்டார், மாடு. கடைசியில சாயங்காலம் அஞ்சரைன்னு முடிவாச்சு. "நாள் முழுக்க குனிஞ்சு நிமிர்றோம், இதுல யோகா வேறயா?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்விதான். களை பறிக்கும்போது மூச்சு எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது, இங்க அதைத்தான் பார்க்கப் போறோம்னு சொன்னேன். பாதிப் பேர் நம்பினாங்க.

ஆரம்பத்துல ஒவ்வொருத்தரும் மனசு எப்படி இருக்குன்னு சொல்லணும்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க, பத்துக்கு எத்தனைன்னு. எங்க ஆளுங்களுக்கு அது வரல. வெள்ளாமையை எட்டணா, பன்னிரண்டணான்னு சொல்லிப் பழகினவங்க. "சரி, பதினாறு அணாவுல இன்னைக்கு எத்தனை?" என்றேன். உடனே வந்துச்சு. ஒரு அத்தாச்சி "ஆறணா" என்பார், இன்னொருத்தர் "மருமக பேசாத நாளு, பத்தணா" என்பார். மூச்சுக்கு எண்ணிக்கை சொல்ற வேலையை ஒரு பெரியவர்கிட்ட கொடுத்தேன். அவர் நெல் அளக்கிற பழக்கத்துல "ஒண்ணு" சொல்லாம "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பிக்க, சிரிப்புல மூச்சே பிடிபடல. அன்னைக்கு எல்லாரும் ரெண்டணா கூடப் போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனாங்க.

அந்த ஏழு பேர்ல ஒருத்தர் எனக்கு மாமா முறை. பேர் வேண்டாம். அவர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் எழுதறேன். 140 மரமும் போச்சு, ஒண்ணுகூட நிக்கல. மனைவி வற்புறுத்தி வந்தார். எத்தனை அணான்னு கேட்டா "காலணா" என்பார். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சேன். தினமும் காலணாங்கிறானே மனுஷன், என்னன்னு தனியா ஒரு வார்த்தை கேட்போம்னு தோணல. இதை நினைச்சா இன்னைக்கும் எனக்குக் கூசும்.

நாலாவது வாரம் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். கடைசியில எல்லாரையும் படுக்க வெச்சு ஓய்வு கொடுக்கிறது வழக்கம். யூடியூப்ல ஒருத்தர் இதமான குரல்ல ஏதோ சொல்வார், அதைப் பார்த்துட்டு நானும், "கண்ணை மூடுங்க, தென்னந்தோப்புல படுத்திருக்கீங்க, காத்து மெதுவா வீசுது, மட்டை அசையுது..." என்று ஆரம்பிச்சேன்.

காத்து! யார்கிட்ட எதைச் சொல்றோம்னு ஒரு யோசனை வேண்டாமா?

முதல்ல ஒரு அத்தாச்சி வாய்விட்டு அழுதாங்க. மாமா எழுந்தார். சாக்கை மடிச்சார். ஒரு வார்த்தை பேசாம போயிட்டார். அடுத்த நாள் வரல, அதுக்கு அடுத்த நாளும் வரல. அவர் மனைவி வாசல்ல என்னைப் பார்த்து, "அவுக சாப்பிடறதே இல்லண்ணே" என்றார்.

டீச்சருக்குப் போன் பண்ணேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன், திட்டல. மனசு கீழ கிடக்கிறவங்களைக் கண்ணை மூடிப் படுக்க வெச்சா இன்னும் உள்ளதான் இறங்குவாங்க, கண்ணைத் திறந்தே செய்ய விடுங்க, நிக்கிற பயிற்சி, நெஞ்சை விரிக்கிற பயிற்சி கொடுங்க, கற்பனைக் கதையெல்லாம் வேண்டாம் என்றார். பிறகு, "அவர்கிட்ட நேராக் கேளுங்க சார், சாகணும்னு தோணுதான்னு. கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது" என்றார்.

ஐம்பது வயசுக்கு மேல ஆன ரெண்டு ஆம்பளைங்க இப்படிப் பேசிக்கிறது எங்க ஊர்ல வழக்கமில்லை. வயசு, விலை, வட்டி, இதோட பேச்சு முடிஞ்சிடும். மாமா மோட்டார் கொட்டகை வாசல்ல உட்கார்ந்திருந்தார். பக்கத்துல போய் உட்கார்ந்து ஒரு பீடி நேரம் சும்மா இருந்தேன்.

"மாமா, செத்துடலாம்னு நினைப்பு வருதா?"

என்னைத் திரும்பியே பார்க்கல. "வராம என்ன மாப்ள. தினம் வருது."

உள்ள பூச்சி மருந்து இருந்துச்சு. "இதை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றேன். "எடுத்துட்டுப் போ" என்றார். அந்த ரெண்டு வார்த்தையில எவ்வளவு பாரம் இறங்குச்சுன்னு எனக்கு எழுதத் தெரியல. அன்னைக்கு ராத்திரி அவர் வாசல் கட்டில்லதான் படுத்தேன். காலையில முதல் பஸ்ல அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். "வயித்துக் கோளாறுன்னு சொல்லு" என்று வழியில ரெண்டு பேர்கிட்ட என்னைச் சொல்ல வெச்சார். டாக்டர் மாத்திரை கொடுத்தார், மூச்சுப் பயிற்சியும் செய்யலாம், ஆனா மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னார். எங்கிட்ட வர்ற எல்லாருக்கும் இப்ப நான் இதை முதல் நாளே சொல்லிடறேன். அப்ப 104 இருந்துச்சு, 2022-ல 14416-ன்னு ஒரு இலவச நம்பரும் வந்திருக்கு. ரெண்டையும் களத்துச் சுவத்துல கரியால எழுதி வெச்சிருக்கேன்.

மாமா மூணு வாரம் கழிச்சு வந்தார். யாரும் எதுவும் கேட்கல. நிக்கிற பயிற்சிதான் அவருக்கு: காலைச் சற்று அகட்டி, மூச்சை இழுக்கும்போது கை மேல, விடும்போது "ம்ம்ம்" என்று வண்டு மாதிரி சத்தத்தோட கை கீழ. கண்ணு திறந்தபடி, மேற்கால என் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கிட்டு. எத்தனை அணான்னு கேட்டேன். "ரெண்டணா வெச்சுக்க" என்றார். அன்னைக்கு யாரும் சிரிக்கல.

நடுவுல கொரோனா வந்து கொஞ்ச காலம் நின்னுச்சு. ரெண்டு பேர் இறந்துட்டாங்க, மூணு பேர் புதுசா வந்தாங்க. மாமா பத்தணாவைத் தாண்டினதே இல்லை. மாத்திரையைப் போன வருஷம் டாக்டரே குறைச்சார்.

புயலுக்கு அடுத்த வருஷம் வெச்ச கன்னுங்க இப்ப காய்க்குது. இந்த மாசம் முதல் தடவையா களம் முழுக்கத் தேங்காய் உடைச்சுப் பரப்பிட்டேன். சாயங்காலம் எல்லாரும் சாக்கோட வந்து நிக்கிறாங்க, கால் வைக்க இடமில்லை. "எங்க வாசலுக்கு வாங்கய்யா, சாணி தெளிச்சு வெச்சிருக்கு" என்றார் மாமா. நாற்காலியைத் தூக்கிக்கிட்டுப் போனோம்.