நாசரேத்தில் இரண்டு கிறிஸ்துமஸ்

திருத்தணி என்றதும் எல்லோருக்கும் முருகன்தான் நினைவுக்கு வருவார். அந்த ஊரில் கிறிஸ்துவக் குடும்பங்களும் உண்டு என்று சொன்னால் சிலர் ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள். உண்டு சகோதரிகளே! எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அங்கேதான். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது எங்கள் ஊர் ஆந்திராவில், சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 1960 ஏப்ரலில்தான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதனால் வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு வாடையோடு இருக்கும். அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் 25-ஆம் தேதியோடு முடிந்துவிடாது. 31-ஆம் தேதி இரவு மலையில் படித் திருவிழா. வருஷத்துக்கு 365 நாள், மலைக்கும் 365 படி. ஜனவரி முதல் தேதி வெள்ளைக்கார துரைகளுக்கு வாழ்த்துச் சொல்ல ஓடுகிறவர்களைப் பார்த்து, "முதலில் தணிகைத் துரையைப் பாருங்கள்" என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் என்பார்கள். படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு பஜனை கோஷ்டிகள் ஏறும். அதே இரவில்தான் எங்களுக்கும் வருஷக் கடைசி ஆராதனை. நள்ளிரவு ஜெபம் முடிந்து வெளியே வந்தால் மலை பூராவும் விளக்கு. பஜனைக்கு வந்த விருந்தாளிகள் எதிர்வீட்டுத் திண்ணையில் இருப்பார்கள். அம்மா ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் வைத்து, "போய் குடுத்துட்டு வாம்மா" என்று அனுப்புவாள். பண்டிகை என்றால் எனக்கு அதுதான் ஞாபகம்.

1971-ல் எனக்குக் கல்யாணம். என்னவர் கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில் எத்தியோப்பியாவில் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்கள் போதாமல் இந்தியாவிலிருந்து நிறையப் பேரை அழைத்துக்கொண்டார்கள். மலையாளிகள் அதிகம், தமிழர்களும் உண்டு. இவருக்கும் இரண்டு வருஷ ஒப்பந்தம் கிடைத்தது. எந்த ஊர் என்று கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால், 'நாஸ்ரேத்'!

"நம்ம திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தா? அதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்?" என்றாள் அம்மா.

அது வேறு நாசரேத். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தென்கிழக்கே, ஜிபூத்தி போகிற ரயில் பாதையில் உள்ள ஊர். பழைய பெயர் அடாமா. ஹைலே செலாசி சக்ரவர்த்திதான் வேதாகமத்து ஊரின் பெயரை அதற்குச் சூட்டினார். 2000-ஆம் ஆண்டில் மறுபடி அடாமா என்றே ஆக்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் அது இன்னும் நாசரேத்துதான்.

1972 ஆகஸ்டில், மூன்று மாத மசக்கையோடு பம்பாயில் விமானம் ஏறினேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது அம்மாவின் கண்டிப்பு. "ஏழாம் மாசம் கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட வந்துடணும்" என்று என்னவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் அனுப்பினாள். ஜனவரி 12-ஆம் தேதிக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று.

அந்த ஊரில் முதலில் என்னைக் குழப்பியது நாள்கணக்கு. அவர்களுக்கு வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம்! பன்னிரண்டு மாதம் முப்பது முப்பது நாள். பதின்மூன்றாவது மாதம் ஐந்தே நாள், சில வருஷம் ஆறு. நாங்கள் போய் இறங்கியது 1972. ஆனால் அங்கே செப்டம்பரில் பிறந்த புது வருஷம் 1965! வயது ஏழு குறைந்ததாக நினைத்துக்கொள் என்று என்னவர் சிரிப்பார். மணியும் வேறு. சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுவதால் நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நம் முன்னோர் உதயத்திலிருந்து நாழிகை எண்ணினார்களே, அதேபோல்தான்.

இப்படிப்பட்ட ஊரில் கிறிஸ்துமஸ் மட்டும் நம் தேதிக்கு வருமா? பழைய பஞ்சாங்கப்படி அவர்களுக்கு அது ஜனவரி 7. 'கென்னா' என்பார்கள். அதற்கு முன் 43 நாள் விரதம். மாமிசம், முட்டை, பால், வெண்ணெய் எதுவும் தொடமாட்டார்கள். பருப்புக் குழம்பும் கடலைமாவுக் குழம்புமாக நாற்பத்து மூன்று நாளும் ஓட்டுவார்கள். விரதச் சமையல் என்றால் ருசி இருக்காது என்று நினைக்காதீர்கள். நம் ஏகாதசிக்காரர்களும் போய்க் கற்றுக்கொண்டு வரலாம்.

டிசம்பர் 25 அந்த வருஷம் திங்கட்கிழமை. அங்கே சாதாரண வேலைநாள். என்னவர் காலையில் ஜெபம் செய்துவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டார். அன்றைக்கு நான்கு வகுப்பு. தெருவில் கழுதைகள் விறகு சுமந்து போகின்றன. கடைக்காரர் தராசைத் துடைக்கிறார். மணி இல்லை, பாட்டு இல்லை. நான் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றேன். கல்யாணமான பெண்ணுக்குத் தாய்வீட்டு ஏக்கம் புதிதல்ல. ஆனால் பண்டிகையே இல்லாத இடத்தில் பண்டிகைக்காரியாக நிற்பது வேறு தினுசு வருத்தம்.

கேக் செய்ய அடுப்பு கிடையாது. பெரிய குண்டானில் மணலைப் பரப்பிக் காயவைத்து, அதற்குள் கேக் பாத்திரத்தை இறக்கி, மூடிமேல் தணல் போட்டுச் சுட்டேன். முக்கால் மணி நேரத்தில் நன்றாகவே வந்தது. ஊரை ஒட்டி வொஞ்சியில் சர்க்கரை ஆலை இருந்ததால் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. அரிசி மட்டும் அடிஸ் அபாபாவில் குஜராத்திக்காரர் கடையிலிருந்து வரவேண்டும். தைலமரக் குச்சியை வளைத்து, பட்டக் காகிதம் ஒட்டி, வாசலில் நட்சத்திரமும் கட்டினோம். தெருப்பிள்ளைகள் வந்து நின்று, "பண்டிகைக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கே, இவங்களுக்கு என்ன அவசரம்?" என்று கேட்டார்களாம்!

அதைச் சொன்னவள் பக்கத்து வீட்டு எமாமாவின் மகள். 'எமாமா' பெயரல்ல, வயதான அம்மாக்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். மகள் ஹைஸ்கூல் படித்ததால் அரைகுறை ஆங்கிலத்தில் எங்களுக்கு நடுவே பேசுவாள். அன்று மதியம் முறுக்குத் தட்டோடு போனேன். எமாமா ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, "வெண்ணெய்?" என்றாள். இல்லை, எண்ணெய்தான் என்றேன். "முட்டை?" இல்லை. அப்புறம்தான் கடித்தாள். கேக் அவள் விரதத்துக்கு ஆகாதென்று முன்பே தெரியும், அதனால் கொண்டுபோகவில்லை. "உன் பண்டிகைக்கு நான் வந்தாச்சு. என் பண்டிகைக்கு நீ வரணும்" என்றாள். சாயந்திரம் இரண்டு மலையாளி வீடுகளிலிருந்தும் வந்து, தமிழும் மலையாளமுமாகக் கீர்த்தனை பாடி, கேக் வெட்டி, ஒன்பது மணிக்குக் கலைந்தோம். மறுநாள் எல்லோருக்கும் பள்ளிக்கூடம்.

அதற்குள் பிரசவ விஷயம் பெரிதாகிவிட்டிருந்தது. ஒப்பந்தப்படி இவருக்கு ஊருக்கு வர விடுமுறை இரண்டு வருஷம் முடிந்த பிறகுதான். நான் போய்ப் பெற்றுக்கொண்டால், கைக்குழந்தையோடு தனியே திரும்ப அம்மா விடமாட்டாள். இவர் குழந்தையை முதன்முதலில் பார்க்கும்போது அது நடந்து, ஓடி, பேசவும் ஆரம்பித்திருக்கும். இருந்துவிட்டாலோ, பக்கத்தில் ஒரு அத்தை கிடையாது, சித்தி கிடையாது. தண்ணீர் காய்ச்சி ஊற்ற யார்? டாக்டர் அம்மாள் பார்த்துவிட்டு, "ரத்தம் கொஞ்சம் குறைவு, ஏறிக்கொண்டிருக்கிறது. போவதானால் ஜனவரி பாதிக்குள் போய்விடு. இருப்பதானாலும் பயமில்லை" என்றார். இவரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். ஆண்பிள்ளைகள் 'உன் இஷ்டம்' என்று சொல்வது பெருந்தன்மையா, தப்பித்துக்கொள்வதா என்று எனக்கு இன்றைக்கும் தீர்மானமாகத் தெரியவில்லை.

ஜனவரி 7, ஞாயிறு. விடியற்கருக்கலில் எமாமா கதவைத் தட்டினாள். தூய வெள்ளைப் பருத்தி உடை. மேலே ஓரத்தில் கரை வைத்த மெல்லிய வெள்ளைத் துணியை முக்காடாகப் போர்த்தியிருந்தாள். எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தாள். ஊரே வெள்ளையாகத் தேவாலயத்தை நோக்கி நடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே சாம்பிராணிப் புகை, பெரிய முரசு, கையில் கிலுகிலுக்கும் தாளக்கருவி. குருமார்கள் கைத்தடியை ஊன்றி, மெல்ல அசைந்து அசைந்து ஆடிப் பாடுகிறார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரியை நிற்கவைக்க வேண்டாமென்று மரத்தடியில் பெண்களோடு உட்காரவைத்தார்கள். பாஷை ஒரு வார்த்தை புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் முரசும் பாட்டும் வெறுங்கால் கூட்டமும் எங்கள் ஊர் 31-ஆம் தேதி இரவாகவே இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால் தரையெல்லாம் பச்சைப் புல் பரப்பியிருந்தது. நம் மாவிலைத் தோரணம் மாதிரி, அது அவர்களுடைய பண்டிகை அடையாளம். மூலையில் காப்பிக் கொட்டை வறுபடுகிற வாசனை. வெளியே பையன்கள் வளைந்த கோலால் பந்தடித்தார்கள். அந்த ஆட்டத்துக்கும் கென்னா என்றே பெயர். இயேசு பிறந்த சேதி கேட்ட மேய்ப்பர்கள் சந்தோஷத்தில் ஆடிய ஆட்டம் என்பது அவர்கள் நம்பிக்கை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட மனமில்லை. இஞ்செரா என்பது தெஃப் என்கிற தானியத்தில் செய்வது. கசகசாவைவிடச் சின்ன மணி; இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, பெரிய மண் கல்லில் வட்டமாக ஊற்றி மூடிவைத்து எடுப்பார்கள். திருப்பிப் போடுவதில்லை. நம் ஆப்பத்துக்கும் தோசைக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் கோழிக் குழம்பு. வெங்காயத்தை எண்ணெயே விடாமல் மணிக்கணக்கில் வதக்கி, பிறகு மசாலா போட்டுக் காய்ச்சிய நெய்யும் மிளகாய்ப் பொடியும் சேர்த்து, கடைசியில் அவித்த முட்டைகளைப் போடுவார்கள். ஒரே தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம்.

எமாமா முதல் கவளத்தைத் தன் வாயில் போடவில்லை. இஞ்செராவில் ஒரு முட்டைத் துண்டை வைத்துச் சுருட்டி, என் பக்கம் திரும்பி, வாயருகே நீட்டினாள். 'குர்ஷா' என்பார்கள். பிரியப்பட்டவர்களுக்கு ஊட்டிவிடுகிற வழக்கம். "அய்சோஷ்" என்றாள். பெண்களைப் பார்த்து, தைரியமா இரு, பயப்படாதே என்று சொல்லும் வார்த்தை அது. அவளைத் தொடர்ந்து அவள் மகள், நாத்தனார், எதிர்வீட்டு அம்மாள் என்று வரிசையாக ஊட்டினார்கள். அந்த மாதம் திருத்தணியில் எனக்கு வளைகாப்பு நடந்திருக்கவேண்டும். வளையல்தான் இல்லை, மற்றதெல்லாம் நடந்தது.

அன்று இரவு இவரிடம், "டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றேன். எல்லாப் பெண்களும் இப்படிச் செய்யவேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். ரத்த அழுத்தமோ இரட்டைக் குழந்தையோ இருந்தால் டாக்டர் சொல்கிற இடத்தில்தான் பெறவேண்டும். எனக்கு எல்லாம் சரியாயிருந்தது, ஆஸ்பத்திரியும் பக்கத்தில்.

பிப்ரவரி கடைசியில் பெண் பிறந்தாள். சுகப் பிரசவம். வீட்டுக்கு வந்த அன்றே எமாமா சட்டியோடு வந்துவிட்டாள். கென்ஃபோ என்று பெயர். மாவைக் கொதிநீரில் கிண்டி, உருட்டி, நடுவே குழி செய்து நெய்யும் மிளகாய்ப் பொடியும் ஊற்றியிருந்தது. பெற்றவளுக்கு மட்டுமல்ல, பார்க்க வந்த பெண்களெல்லாரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அதையே சாப்பிடவேண்டும். சட்டியைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கள் வடாற்காட்டுக் களியேதான்! பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், நாம் களி கிண்டும் கேழ்வரகே ஆதியில் அந்தக் கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டுத் தானியமாம். பெற்றவளுக்குத் தண்ணீர்கூட அளந்து கொடுக்கும் பத்தியமெல்லாம் எமாமாவிடம் இல்லை. "சாப்பிடு, குடி, பால் கொடு" என்பாள். இன்றைக்கு டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

1974-ல் சக்ரவர்த்தியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அந்த வருஷமே எங்கள் ஒப்பந்தமும் முடிந்து ஊர் வந்து சேர்ந்தோம். ஆனால் அதற்கெல்லாம் முன்பு அம்மாவைச் சமாதானப்படுத்தவேண்டியிருந்தது. டிக்கெட்டைத் திருப்பிய சேதி போனதிலிருந்து அவள் கடிதம் எழுதுவதையே நிறுத்தியிருந்தாள். நைனாதான் இரண்டு வரி எழுதுவார். பிரசவத்துக்குப் பிறகு ஆறு பக்கம் எழுதினேன்: குழந்தையின் எடை, மூக்கு யாரைப்போல, ஆஸ்பத்திரி, எமாமா, களி எல்லாம். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. நைனாவின் கடிதத்தின் அடியில், அம்மாவின் கோணல் எழுத்தில் ஒரே வரி:

"களியில நெய் ஊத்தினாங்களா, எண்ணெயா? நெய்யின்னா சரி, அந்தம்மாவைக் கேட்டதாச் சொல்லு."