பிரிவுக்குப் பின் ஒரு பயணம்

மானாமதுரை – விருதுநகர் இருப்புப்பாதையில் நரிக்குடியும் திருச்சுழியும் அடுத்தடுத்து உள்ளன. கண்மாய்களை நம்பிய வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்த ஆண்டிலும் விதையைக் காத்து, அடுத்த ஐப்பசியை எதிர்நோக்கும் மக்கள் இங்கு வாழ்கின்றனர்.

நரிக்குடிக்கு வருவோர் தவறாமல் தரிசிக்க வேண்டிய தலம் திருச்சுழி திருமேனிநாதர் ஆலயம். தேவாரப் பாடல் பெற்ற 14 பாண்டிநாட்டுத் தலங்களுள் ஒன்று. பிரளய வெள்ளத்தை ஈசன் பூமிக்குள் சுழித்துச் செல்லச் செய்ததால் இப்பெயர் வந்தது என்பது தலபுராணம். அம்பிகையின் திருநாமம் துணைமாலை. 1879-ஆம் ஆண்டு ரமண மகரிஷி அவதரித்ததும் இவ்வூரில்தான்.

சேரமான் பெருமாளுடன் இங்கு வந்து பதிகம் பாடினார் சுந்தரமூர்த்தி சுவாமிகள். அதற்கு முன் அவர் கடந்து வந்த துயரை அறிந்தால், அந்த வருகையின் பொருள் விளங்கும்.

திருவாரூரில் பரவையாரைப் பிரிந்து சென்றவர், திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். 'பிரியேன்' என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து, அதனை மீறினார். எல்லையைக் கடந்ததுமே இரு கண்களும் ஒளியிழந்தன. கதறி அழுதார், ஆயினும் நடப்பதை நிறுத்தவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் தெளிந்தது. திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கியது. திருவாரூரில்தான் மற்றொரு கண் கிடைத்தது. ஈசன் நினைத்தால் ஒரு கணத்தில் அனைத்தையும் அருளியிருக்கலாம். ஆனால் ஊர் ஊராக, சிறிது சிறிதாகவே ஆற்றினான். மனக்காயமும் அவ்வாறே ஆறும். முதலில் ஒரு கோல் கிடைத்தாலே போதும். அடுத்த அடி வைக்கலாம்.

பரவையாரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இறைவனே தூது சென்றபோதும் முதன்முறை அவர் இணங்கவில்லை. அந்தக் கோபத்தை ஈசன் குற்றமாகக் கொள்ளவில்லை; மீண்டும் நடந்தான். புண்பட்டவரை 'உடனே மறந்துவிடு' என்று அவசரப்படுத்தும் உறவினர் உணர வேண்டிய பாடம் இது.

இத்தனைக்கும் பின்னரே சுந்தரர் திருச்சுழி வந்தார். இங்கே அவர் கனவில் காளை வடிவில், கையில் செண்டுடன் தோன்றிய பெருமான், தாம் இருப்பது கானப்பேர் எனக் கூறி மறைந்தார் என்கிறது பெரியபுராணம். கானப்பேர் இன்றைய காளையார்கோவில். நரிக்குடி அந்தத் திசையிலேயே உள்ளது. பழைய துயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்து நடக்க வேண்டிய ஊரை மட்டுமே இறைவன் காட்டினான்.

நிச்சயித்த மணம் நின்றுபோனவர்கள், இல்லறம் முறிந்து பெற்றோர் வீடு திரும்பியவர்கள் இன்று பல குடும்பங்களில் உள்ளனர். பிரிந்த உறவு மீண்டும் கூடலாம், கூடாமலும் போகலாம். எவ்வாறாயினும் வழி அங்கேயே முடிந்துவிடுவதில்லை. அவர்களை ஒருமுறை திருச்சுழிக்கு அழைத்துச் செல்லுங்கள். துணையை இழந்தோம் என்று கலங்குவோர், துணை என்பதையே தன் நாமத்தில் தாங்கிய அன்னையின் சந்நிதியில் சற்று நேரம் அமர்ந்து வரட்டும்.